கணக்கில் வராத பாவம்

இரவு படுக்கப் போகுமுன் அன்றைய நாளைத் திருப்பிப் பார்த்துக் கணக்கு எழுதும் வழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. வரவு செலவுக் கணக்கைச் சொல்லவில்லை. அதை என் மனைவி பார்த்துக்கொள்கிறாள். என் கணக்கு வேறு. இன்று யாரிடம் பொய் சொன்னேன், யார்மீது காரணமின்றி எரிந்து விழுந்தேன், எந்த நண்பருடைய கதை நன்றாக இருந்தும் அதைப் பாராட்ட மனம் வராமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பன போன்ற கணக்கு. ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் நாலைந்து வரிகள். எழுதி முடித்ததும் மனம் லேசாகிவிடும். நல்ல தூக்கம் வரும்.

அந்தத் தூக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்த வழக்கத்தை நான் ஒரு கிறிஸ்தவ நண்பரிடமிருந்து கற்றுக்கொண்டேன். பாளையங்கோட்டையில் சில ஆண்டுகள் குடியிருந்தபோது, எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். விடியற்காலை நாலரை மணிக்கு அவர் வீட்டு முன்னறையில் விளக்கு எரியும். வேதப் புத்தகத்தில் ஓர் அதிகாரம் படிப்பார். பிறகு, நாளுக்கு ஒரு பக்கம் வீதம் வருஷம் முழுவதற்கும் அச்சிட்ட தியானப் புத்தகத்தில் அன்றைய பக்கத்தைப் படிப்பார். பிறகு முழங்கால் போட்டு ஜெபம். காலைக் காப்பிக்கு நான் அங்கே போய் உட்காரும்போது, அன்றைய பக்கத்தை எனக்கும் ஒரு முறை படித்துக் காட்டுவார். நான் அவருடைய மதத்தைச் சேர்ந்தவன் அல்லன் என்பது அவருக்கும் தடையாக இருந்ததில்லை. எனக்கும் தடையாக இருந்ததில்லை. காப்பி மிக நன்றாக இருக்கும்.

அந்தப் பக்கங்களை நூற்றுக்கணக்கில் கேட்டிருப்பேன். சொற்கள் மாறும், உதாரணங்கள் மாறும், சொல்லுகிற விஷயம் மட்டும் பெரும்பாலும் மூன்றுதான். நான் பாவி. ஆகவே தாழ்மையாயிருக்க வேண்டும். என் பலத்தால் ஒன்றும் ஆகாது. ஆகவே தேவனைச் சார்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் நான் கேட்டேவிட்டேன்.

“தினமும் ‘நான் பாவி, நான் பாவி’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அதுவும் ஒரு பழக்கமாகப் போய்விடாதா, சார்? பல் விளக்குகிற மாதிரி?”

அவர் சிரித்தார். “பல் விளக்காமல் இருப்பதைவிட மேல்தானே, தம்பி?”

நான் விடவில்லை. அவருடைய வேதத்திலிருந்தே ஓர் ஆயுதத்தை எடுத்தேன். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்தில் ஒரு கதை வருகிறது. கோவிலுக்கு இரண்டு பேர் ஜெபம் பண்ணப் போகிறார்கள். பரிசேயன் தன் நற்செயல்களை வரிசையாகச் சொல்லி, தான் மற்றவர்களைப் போல இல்லாததற்காகக் கடவுளுக்கு நன்றி கூறுகிறான். வரி வசூலிக்கும் ஆயக்காரனோ தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு இரக்கத்தை மட்டும் கேட்கிறான். நீதிமானாக வீடு திரும்பியவன் ஆயக்காரனே என்கிறார் இயேசு. “இந்தக் கதையைக் கேட்ட ஒவ்வொருவரும் மனத்துக்குள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள்? ‘நல்ல வேளை, நான் அந்தப் பரிசேயனைப் போல இல்லை’ என்றுதானே? அப்படிச் சொன்ன உடனே பரிசேயன் ஆகிவிட்டார்களே!” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, “உங்களுக்கு வாதம் சொல்லித் தீராது, கதைதான் சொல்ல வேண்டும்” என்று ஜான் நியூட்டனின் கதையைச் சொன்னார்.

அந்தக் கதை உலகம் முழுவதும் தெரிந்த கதை. ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து விற்கும் கப்பலில் வேலை செய்த கொடியவன் ஒருவன், நடுக்கடலில் புயலில் அகப்பட்டுக்கொண்டான். கடவுளைக் கூவி அழைத்தான். பிழைத்தான். அன்றே மனம் திரும்பினான். அடிமை வியாபாரத்தை உதறினான். குருவானவரானான். ‘அமேசிங் கிரேஸ்’ என்ற பாட்டை எழுதினான். ஒரு கொடியவன் ஒரு புயலால் பரிசுத்தவானான கதை. தியானப் புத்தகத்தின் ஒரு பக்கத்துக்குச் சரியாக அளந்து வைத்தது போன்ற கதை.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு கதை மிகவும் ஒழுங்காக முடிந்தால் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். அவன் தானே அப்படி எத்தனையோ கதைகளை முடித்தவன் அல்லவா? நூல்நிலையத்தில் தேடி நியூட்டனின் வாழ்க்கையைப் படித்தேன். ஆண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். ஒழுங்கான கதை அந்தத் தாளிலேயே உடைந்து போயிற்று.

நியூட்டன் 1725-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர். தகப்பனார் கப்பல் தலைவர். பக்தியுள்ள தாயார் மகனுக்கு வேதத்தையும் ஞானப்பாட்டுகளையும் கற்பித்து, அவருக்கு ஏழு வயது நிறையுமுன் காசநோயால் இறந்து போனார். பையன் கடலுக்குப் போனான். 1744-இல் அவரைக் கட்டாயமாகப் பிடித்துக் கடற்படையில் சேர்த்தார்கள். தப்பி ஓடி அகப்பட்டுச் சவுக்கடி பட்டார். பின்னர் அடிமைக் கப்பல் ஒன்றுக்கு மாறி, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில், சியரா லியோனை ஒட்டிய வாழைத் தீவுகளில், ஓர் அடிமை வியாபாரியிடம் வேலைக்கு அமர்ந்தார். அங்கே காய்ச்சலில் விழுந்து, சோற்றுக்கும் தண்ணீருக்கும் தவித்து, அந்த வீட்டாரின் ஏளனத்துக்கு ஆளாகிக் கிடந்தார்.

இந்த இடத்தில் அவரே எழுதி வைத்திருக்கும் ஒரு செய்தி என்னை நிறுத்திவிட்டது. பட்டினி கிடந்த அந்த நாட்களில், விலங்கிடப்பட்டிருந்த அடிமைகள் தங்களுக்குக் கிடைத்த கொஞ்ச உணவிலிருந்து எடுத்து, யாருக்கும் தெரியாமல் அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். தெரிந்தால் அவர்களுக்குத் தண்டனை. ஆனாலும் கொடுத்தார்கள். தங்களைப் போன்றவர்களை விலை பேசுவதற்கென்றே அந்தக் கரைக்கு வந்தவனுக்குக் கொடுத்தார்கள்.

1748 மார்ச் மாதத்தில் அந்தப் புயல் வந்தது. அவர் ஏறியிருந்த கிரேஹவுண்ட் என்ற கப்பல் அடிமைக் கப்பல் அன்று. பொன்னும் தந்தமும் தேன்மெழுகும் சாய மரமும் ஏற்றிய சரக்குக் கப்பல். கப்பல் உடைந்து தண்ணீர் புகுந்தபோது நியூட்டன் கடவுளை நினைத்தார். பிழைத்து அயர்லாந்துக் கரை சேர்ந்தார். அந்த நாளைச் சாகும்வரை ஆண்டுதோறும் நினைவு நாளாகக் கொண்டாடினார். இதுவரை கதை சரி.

இதற்குப் பிறகுதான் தகராறு. பிழைத்துக் கரையேறிய அதே ஆண்டில் அவர் அடிமைக் கப்பல் ஒன்றில் முதல் துணைத்தலைவராக ஏறினார். 1750-இலிருந்து 1754 வரை தாமே தலைவராக மூன்று முறை அடிமைகளை ஏற்றிச் சென்றார். ஆக, அடிமைக் கப்பலின் தலைவராக அவர் இருந்ததெல்லாம் மனம் திரும்பிய பிறகுதான்!

கப்பலில் அவர் நடத்திய வாழ்க்கை வெகு ஒழுங்கானது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். ஒரு நாளை மூன்றாகப் பகுத்து, தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் எட்டு மணி, உடற்பயிற்சிக்கும் பக்திக்கும் எட்டு மணி, புத்தகங்களுக்கு எட்டு மணி என்று வைத்துக்கொண்டார். தமக்குத் தாமே லத்தீன் கற்றுக்கொண்டார். கடவுளோடு மிக இனிமையாக உறவாடிய நேரங்கள் தம்முடைய கடைசி இரண்டு ஆப்பிரிக்கப் பயணங்களில்தான் வாய்த்தன என்று பிற்காலத்தில் எழுதினார்.

அவருடைய காலுக்குக் கீழே, பலகைத் தளத்தின் அடியில், மனிதர்கள் இரண்டிரண்டு பேராக விலங்கு பூட்டப்பட்டுக் கிடந்தார்கள். இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக, அலமாரியில் புத்தகங்களை அடுக்குவது போல அவர்களை நெருக்கிக் கிடத்தினார்கள். இந்த உவமை என்னுடையதன்று. அவரே பின்னாளில் சொன்னது. மேலே எட்டு மணி நேரம் புத்தகம். கீழே புத்தகம் போல அடுக்கிய மனிதர்கள்.

1752 டிசம்பர் 11-ஆம் தேதி அவருடைய கப்பல் நாட்குறிப்பில் ஒரு செய்தி இருக்கிறது. அடிமைகள் கலகம் செய்யத் திட்டமிட்டது கண்டுபிடிக்கப்பட்டது. உண்மையை வரவழைக்க, சிறுவர்களை விலங்கிட்டு, கட்டைவிரலை நசுக்கும் திருகு ஆணியை அவர்களுக்குக் கொஞ்சமாக மாட்டச் செய்ததாக எழுதியிருக்கிறார். அந்தக் கலகம் வெளிப்பட்டதற்கு அவர் யாருக்கு நன்றி சொல்கிறார் தெரியுமா? தெய்வத்தின் தயவுக்கு.

இதையெல்லாம் நான் குறித்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கொஞ்சம் வெற்றிக் களிப்போடுதான் போனேன்.

ஆசிரியர் தாளை வாங்கி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். புயல் 1748. கப்பலை விட்டது 1754. அதுவும் மனச்சாட்சியால் அன்று. புறப்படுவதற்குச் சற்று முன்னால் திடீரென்று வலிப்புப் போல ஒன்று வந்ததால் விட்டார். பிறகு லிவர்ப்பூல் துறைமுகத்தில் சுங்க உத்தியோகம். 1764-இல் ஓல்னி என்ற ஊரில் குருவானவர். பாட்டு, 1773-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளுக்காக எழுதியது. அடிமை வியாபாரத்தை எதிர்த்து முதன்முதலாகப் பகிரங்கமாக எழுதியது 1788. புயலிலிருந்து நாற்பது வருஷம். பாட்டிலிருந்து பதினைந்து வருஷம்.

“அந்தக் காலம் அப்படி, தம்பி. எல்லோரும் செய்தார்கள். மரியாதையான தொழில் என்று நினைத்தார்கள்” என்றார் அவர் மெதுவாக.

அதற்கும் நான் பதில் வைத்திருந்தேன். அதே காலத்தில் கடலுக்கு அப்பால், அமெரிக்காவில் நியூ ஜெர்சிப் பகுதியில், ஜான் உல்மன் என்று ஒருவர் இருந்தார். குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். நியூட்டனுக்கு ஐந்து வயது மூத்தவர். இளைஞராய்க் கடை ஒன்றில் வேலை பார்த்தபோது, முதலாளி ஓர் அடிமைப் பெண்ணை விற்றுவிட்டு அதற்குப் பத்திரம் எழுதச் சொன்னார். உல்மன் எழுதிக் கொடுத்தார். ஆனால் எழுதும்போதே மனம் குத்திற்று. இது நம் மதத்துக்கு ஒவ்வாத செயல் என்று முதலாளியிடமும் வாங்கியவரிடமும் சொல்லிவிட்டார். பின்னர் வேறொருவர் அத்தகைய பத்திரம் எழுதக் கேட்டபோது மறுத்தார். 1754-ஆம் ஆண்டு, நியூட்டன் உடம்புக்கு முடியாமல் கப்பலை விட்ட அதே ஆண்டு, அடிமைகளை வைத்திருப்பதற்கு எதிராக உல்மன் ஒரு நூலை வெளியிட்டார். அடிமை வைத்திருந்தவர்களின் வீடுகளில் தங்க நேர்ந்தால், தமக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்துவிட்டு வந்தார். “ஆகவே காலத்தின்மேல் பழியைப் போட முடியாது, சார். இவரும் அந்தக் காலத்து மனிதர்தானே?” என்றேன்.

ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. தாளை மடித்து என்னிடம் கொடுக்காமல் தியானப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

“நியூட்டன் வேஷக்காரர் என்கிறீர்களா?” என்று கேட்டார்.

“இல்லை” என்றேன். அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. அவரைப் படித்தவன் யாரும் சொல்ல முடியாது. அவர் தம் பாவங்களைப் பற்றி உண்மையாகவே அழுதார். பழைய நாட்களின் தூஷண வார்த்தை, ஒழுக்கக் கேடு, ஜெபத்தில் மனம் குளிர்ந்து போதல், வீண் பெருமை எல்லாவற்றையும் தேடித் தேடிக் கண்டுபிடித்து அறிக்கை செய்தார். விலங்குகளோடும் பூட்டுகளோடும் நாள் முழுவதும் பழகும் சிறைக் காவலன் போன்ற வேலை தமக்குப் பிடிக்கவில்லை என்றும், இதைவிட இரக்கமான ஒரு தொழிலைத் தமக்குத் தரும்படி கடவுளை வேண்டிக்கொண்டதாகவும்கூட எழுதியிருக்கிறார். ஆனால் அது பாவம் என்று அப்போது அவருக்குத் தோன்றவே இல்லை. தினமும் கணக்கெழுதிய மனிதரின் கணக்கில் அந்தச் செலவு மட்டும் ஏறவில்லை.

“அப்படியானால் இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது” என்றார் ஆசிரியர். “வேஷக்காரன் என்றால் விட்டுவிடலாம், நான் வேஷக்காரன் இல்லை என்று தேறிக்கொள்ளலாம். இவர் என்னைவிட உண்மையாக ஜெபித்தவர். இவருக்கே நாற்பது வருஷம் தெரியவில்லை. எனக்கு எழுபது வயதாகிறது. என் கப்பல் எது என்று எனக்குத் தெரியவில்லையே, தம்பி!”

நான் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தேன். வயதானவர்கள் எதையும் தங்கள்மேல் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று இரவு என் நோட்டில், ‘வாதத்தில் ஜெயித்ததற்காகச் சற்றுக் கர்வப்பட்டேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

எங்கள் வீட்டில் அப்போது ஓர் அம்மாள் வேலை செய்துகொண்டிருந்தாள். பாத்திரம் துலக்குவது, துணி துவைப்பது, முற்றம் பெருக்குவது எல்லாம் அவள்தான். பன்னிரண்டு வருஷமாக வந்துகொண்டிருந்தாள். நாங்கள் அவளை நன்றாகத்தான் நடத்தினோம் என்பது எங்கள் எண்ணம். தீபாவளிக்குப் புடவை, மகள் கல்யாணத்துக்குப் பணம், அவ்வப்போது மருந்துச் செலவு. அடுத்த வீட்டாரைவிட மாதம் கொஞ்சம் அதிகமாகவே சம்பளம். இதையெல்லாம் நான் என் நோட்டில் வரவாகவும் எழுதியிருக்கிறேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாயிருக்கிறது.

ஒரு வாரம் அவள் வரவில்லை. காய்ச்சல் என்று செய்தி வந்தது. ஆற்றுப் பக்கம் போகிற வேலை ஒன்று இருந்தது; போகிற வழியில் அவளையும் பார்த்துவிட்டு வரலாம் என்று விசாரித்துக்கொண்டு போனேன். ஓடு வேய்ந்த ஒற்றை அறை. பாயில் படுத்திருந்தவள் என்னைக் கண்டதும் பதறி எழுந்தாள். “ஐயா, நீங்க எதுக்கு இங்கெல்லாம் வந்துக்கிட்டு!” என்று சொல்லிக்கொண்டே பேத்தியைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் பக்கத்து வீட்டுக்கு ஓடி ஒரு நாற்காலி கொண்டுவந்தாள். அவள் தானே தள்ளாடிப் போய், மேல் பலகையில் கவிழ்த்து வைத்திருந்த ஓர் எவர்சில்வர் தம்ளரை எடுத்தாள். புத்தம் புதியது, கல்யாணத்தில் வந்த சீராக இருக்க வேண்டும். அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, இரண்டு முறை அலசி, கடையிலிருந்து வாங்கி வந்த காப்பியை ஊற்றி என் கையில் கொடுத்தாள். நான் குடித்தேன். அவள் முகத்தில் ஒரு திருப்தி.

வீட்டுக்கு வந்தேன். கால் கழுவக் கொல்லைப்புறம் போனேன். கொல்லைக் கதவுக்கு வெளியே, ஜன்னல் கம்பிக்கும் சுவருக்கும் இடையில் சொருகினாற்போல ஓர் அலுமினியத் தம்ளர் இருந்தது. விளிம்பு நசுங்கியது. பன்னிரண்டு வருஷமாக அது அங்கேதான் இருந்தது. காலையில் அவள் வேலை முடித்ததும் அதை எடுத்து நீட்டுவாள். என் மனைவி உயரத்திலிருந்து காப்பியை ஊற்றுவாள். அவள் கொல்லைப் படியில் உட்கார்ந்து குடித்துவிட்டு, அதைத் தானே கழுவி அதே இடத்தில் சொருகிவிட்டுப் போவாள். அதை வைத்தது யார் என்று எனக்கு நினைவில்லை. என் தாயார் வைத்திருக்கலாம். எங்களுக்கு முன்பே அந்த ஜன்னலில் அது முளைத்திருந்தது போலவே எங்களுக்குத் தோன்றிற்று.

வாழைத் தீவில், விலங்கிட்ட கைகள் நீட்டிய உணவை வாங்கித் தின்ற வெள்ளைக்கார இளைஞனின் நினைவு எனக்கு அப்போது வந்தது. இரண்டையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பாதகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுமினியத் தம்ளரை வைத்துப் பேசினால் அதுவும் ஒருவகை அகம்பாவம். பாவத்தின் அளவு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பார்க்காத கண் மட்டும் ஒரே கண்.

அன்று இரவு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பழைய பக்கங்களைப் புரட்டினேன். கோபம் இருந்தது, பொறாமை இருந்தது, பத்திரிகை ஆசிரியரிடம் சொன்ன பொய் இருந்தது, பஸ்ஸில் சில்லறை அதிகம் வந்ததைத் திருப்பித் தராமல் இருந்ததுகூட இருந்தது. தம்ளர் எங்கும் இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஏன் இல்லை என்று எனக்கு இப்போது ஒருவாறு புரிகிறது. இந்தக் கணக்கில் குற்றவாளியும் நானே, சாட்சியும் நானே, நீதிபதியும் நானே. எனக்கு உறுத்தியதைத்தான் நான் எழுதினேன். என்னோடு சேர்ந்து தெருவே செய்த குற்றம் எனக்கு உறுத்தவில்லை. ஏனென்றால் அதைச் செய்யும்போது யாரும் என்னை முறைத்துப் பார்க்கவில்லை. தனியாகச் செய்கிற தவறு மனத்தைக் குத்துகிறது. ஊரோடு சேர்ந்து செய்கிற தவறு வழக்கம் என்ற பெயரைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. தவிரவும், தெரிந்த பாவங்களை எழுதி முடித்த திருப்தி இருக்கிறதே, அது தெரியாத பாவங்களுக்குப் போர்வையாகிவிடுகிறது. ‘இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிற நான் பெரியதை விட்டிருப்பேனா?’ என்ற எண்ணம் நம்மை அறியாமலே வந்துவிடுகிறது. சங்கீதப் புத்தகத்தின் 19-ஆம் சங்கீதத்தைப் பாடியவர், தம் பிழைகளை உணரத்தக்கவன் யார் என்று கேட்டு, தமக்கே மறைந்திருப்பவற்றிலிருந்தும் தம்மை விடுவிக்கச் சொல்லிக் கேட்டாராம். ஆசிரியர் படித்துக் காட்டியபோது அது எனக்குச் சொல்லலங்காரமாகப் பட்டது. இப்போது அது மிகவும் அவசியமான விண்ணப்பமாகத் தோன்றுகிறது.

மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை களிப்பு ஒன்றும் இல்லை.

“சார், ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ‘தேவனைச் சார்ந்திரு’ என்று உங்கள் புத்தகத்தில் தினமும் வருகிறதே. நியூட்டனும் சார்ந்துதானே இருந்தார்? ‘வேறு தொழில் கொடு’ என்று கடவுளிடம் விண்ணப்பம் போட்டுவிட்டுக் கப்பலை ஓட்டிக்கொண்டே இருந்தார். கலகத்தை அடக்கியதும் கடவுளின் தயவு என்றார். சார்ந்திருப்பது அவருக்குச் சாய்மான நாற்காலியாக அல்லவா இருந்திருக்கிறது?”

“அது சார்ந்திருப்பதில் ஒரு வகை” என்றார். “இன்னொரு வகையும் அவரிடமே இருக்கிறது. 1788-இல் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள்.”

பார்த்தேன். அப்போது நியூட்டன் அறுபது வயதைக் கடந்தவர். லண்டனில் பெயர் பெற்ற குருவானவர். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், 1785-இல், வில்லியம் வில்பர்போர்ஸ் என்ற இளம் பாராளுமன்ற அங்கத்தினர் மனக் கலக்கத்தோடு இரகசியமாக அவரைத் தேடி வந்திருந்தார். அரசியலை விட்டுவிடாதே, அங்கேயே இருந்து பணி செய் என்று நியூட்டன் அவருக்குப் புத்தி சொல்லி அனுப்பினார். இப்போது அடிமை வியாபாரத்தை ஒழிக்க நாட்டில் ஓர் இயக்கம் கிளம்பியது. நியூட்டனை யாரும் குற்றம் சாட்டவில்லை. அவர் செய்தது அன்றைய சட்டப்படி குற்றமும் அன்று. தம் பழைய பாவங்களைப் பற்றிப் பொதுவாகப் பாடியே மரியாதையோடு காலம் கழித்திருக்கலாம். அவர் ஒரு சிறு பிரசுரம் எழுதினார். கப்பலில் நடப்பது என்ன என்பதைத் தாம் கண்டபடி, விலங்கு, பட்டினி, நோய், பெண்களுக்கு நேர்ந்த கொடுமை எல்லாவற்றையும் எழுதினார். தம் ஒப்புதல் காலம் கடந்து வருகிறது என்றும், தாம் ஒரு காலத்தில் இதில் ஈடுபட்டிருந்தது சாகும்வரை தம்மைத் தலைகுனியச் செய்யும் நினைவாக இருக்கும் என்றும் பெயர் போட்டு அச்சிட்டார். 1790-இல் பாராளுமன்றக் குழுவின் முன்னாலும் சாட்சி சொன்னார். அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் 1807 மார்ச் மாதத்தில் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில், கண் பார்வை மங்கி, ஞாபகம் தளர்ந்து, நியூட்டன் இறந்தார்.

“கடவுளிடம் ‘நான் பாவி’ என்று சொல்வது சுலபம், தம்பி. அவர் அக்கம் பக்கத்தாரிடம் போய்ச் சொல்லமாட்டார்” என்றார் ஆசிரியர். “மனிதர்களிடம், இன்ன பாவம் என்று பெயர் சொல்லிச் சொல்வதற்குப் பலம் வேண்டும். அதைச் சொன்ன பிறகும் நான் ஒழிந்து போகமாட்டேன், என்னைத் தாங்க ஒருவர் இருக்கிறார் என்ற தைரியம் வேண்டும். அதைத்தான் நான் சார்ந்திருப்பது என்கிறேன்.”

அவருடைய நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் அவர் சொன்னதில் இருந்த உண்மை எனக்குப் புரிந்தது. தன் குற்றத்தை முழுவதும் பார்க்கிறவனுக்குக் காலின் கீழ் ஏதாவது ஒரு தரை வேண்டும். தன் நல்ல பெயரையே தரையாக வைத்துக்கொண்டிருப்பவன் பார்க்கமாட்டான். பார்த்தால் நிற்க இடம் இருக்காதே!

காய்ச்சல் தெளிந்து அந்த அம்மாள் வேலைக்கு வந்தாள். தம்ளர் ஜன்னலில் இல்லை. என் மனைவி வீட்டுத் தம்ளரில் காப்பி ஊற்றி உள்ளே கூப்பிட்டுக் கொடுத்தாள். அவள் வாங்கத் தயங்கினாள். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். இத்தனை நாள் செய்தது தப்பு என்று தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவள் என்னை ஒரு விநாடி பார்த்தாள்.

“அது கெடக்கட்டும், ஐயா. பன்னெண்டு வருசமா அதுலதான் குடிச்சேன். இப்பத்தான் உங்களுக்குக் கண்ணுல பட்டுதா?”

கோபமாகச் சொல்லவில்லை. விசாரிக்கிற குரலில்தான் கேட்டாள். காப்பியைக் குடித்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். அவள் ‘பரவாயில்லை’ என்று சொல்வாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் தாழ்மைக்கு அவளிடம் உடனே ரசீது கேட்டிருக்கிறேன்! அவள் தரவில்லை. தராததே நியாயம்.

நோட்டுப் புத்தகத்தை நான் நிறுத்திவிடவில்லை. ஆசிரியர் சொன்னபடி, பல் விளக்காமல் இருப்பதைவிட விளக்குவது மேல்தான். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரியை வெறுமையாக விடுகிறேன். அது எனக்குத் தெரியாததற்கான இடம். அதை நான் நிரப்ப முடியாது. வேறு யாராவது சொன்னால்தான் உண்டு.

சில நாட்களுக்கு முன்பு அதை நிரப்பலாம் என்று என் மனைவியைக் கேட்டேன். “நான் இன்று பார்க்காமல் விட்டது என்ன, சொல்லேன்?”

அவள் அடுக்களையிலிருந்தே பதில் சொன்னாள்: “தினமும் ராத்திரி நீங்கள் உட்கார்ந்து உங்கள் பாவத்தை எழுதிக்கொண்டிருக்கிற நேரத்தில், நான் இங்கே தனியாக நின்று அடுப்பங்கரையைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.”

எழுதிக்கொண்டேன். பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்த் துணியை வாங்கிக்கொண்டேன். அன்று தூக்கம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.